ஆட்டின் காதும் சித்தப்பாவின் விரலும்

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஏழு மணிக்குள் நடந்தவை:

1. தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் டொக்டர் ஐயா என் சித்தப்பாவின் ஆள்காட்டி விரலில் ஒட்சிசன் பார்க்கும் கருவியை மாட்டினார். எண்பத்தெட்டு.
2. நடுவிரலில் மாட்டினார். எண்பத்தெட்டு.
3. சித்தப்பா தன் சட்டைப் பையிலிருந்து சொந்தக் கருவி ஒன்றை எடுத்து அதே நடுவிரலில் மாட்டினார். தொண்ணூற்றெட்டு.
4. "பாத்தீங்களா ஐயா? என்னோடது பத்து கூடக் காட்டுது. நல்ல மெஷின்" என்றார்.
5. டொக்டர் ஐயா கீழே ஆஸ்பத்திரிக்குப் போகச் சீட்டு எழுதினார். காமனுக்குக் காப்புக் கட்டியிருக்கிறேன், இன்னும் பத்து நாளைக்குப் பாலம் தாண்ட முடியாது என்று சித்தப்பா சீட்டை மடித்து மேசையில் வைத்தார்.
6. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
7. நான், "ஒரு ஆடு வேணும்" என்றேன்.

ஏழாவதை விளக்க வேண்டும். அதற்கு முன் ஐந்தாவதை.

எங்கள் தோட்டத்தில் மாசி பிறந்தால் காமன் கூத்து. தவத்தில் இருக்கும் சிவனைக் கலைக்கப் போய் மன்மதன் எரிந்துபோகிற கதை. காமன் கம்பம் ஊன்றும் நாளில் வேஷம் கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் கையில் மஞ்சள் காப்புக் கட்டுவார்கள். அன்று முதல் காமனை எரிக்கும் வரை அவர்கள் கவிச்சி தொடக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. எல்லை என்பது ஆற்றுப் பாலம். ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம்.

சித்தப்பாவுக்குப் பதினாறு வருஷமாக ஒரே வேஷம், வீரபத்திரன். வாளைச் சுழற்றிக்கொண்டு குதித்துக் குதித்து ஆட வேண்டும். ஒரு ஆட்டத்தில் சாதாரண மனிதனுக்கு மூச்சு நின்றுவிடும். அவருக்கோ அந்த வருஷம் ஆடாமலே நின்றது. நான் லீவில் வந்த அன்று பஸ் நிறுத்தத்திலிருந்து என் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துப் படிகளில் ஏறினார். நான்கு இடத்தில் நின்றார். முதல் இடத்தில் சாரத்தை இறுக்கிக் கட்டினார். இரண்டாவது இடத்தில் மேகத்தைப் பார்த்து மழை வரும் என்றார். மூன்றாவது இடத்தில் மறுபடியும் சாரம். நான்காவது இடத்தில் அவரிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை, சும்மா நின்றார். அவருடைய மூச்சு பால் பொங்குகிற சத்தம் போட்டது. மறுநாள் விடிந்ததும் கையைப் பிடித்து டிஸ்பென்சரிக்கு இழுத்துப்போனது நான்தான்.

அவருடைய சொந்தக் கருவியின் வரலாறும் இங்கே வரவேண்டும். காப்புக் கட்டுவதற்கு முந்தின வாரமே டொக்டர் ஐயா ஒருமுறை பார்த்து, தொண்ணூறுதான் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். தொண்ணூறு என்றால் நல்ல மார்க்குத்தானே என்று சித்தப்பா வாதாடியிருக்கிறார். இது பரீட்சை இல்லை, தொண்ணூற்றைந்துக்கு மேல் வேண்டும் என்றதும், பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய் நடைபாதையில் விரித்து வைத்திருந்தவரிடம், கூடுதலாகக் காட்டுகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாங்கி வந்துவிட்டார். மூன்று கருவியைப் போட்டுப் பார்த்தாராம். கண்ணாடி வாங்குகிறவர்கள் எழுத்து நன்றாகத் தெரிகிறதா என்று போட்டுப் பார்ப்பதுபோல.

அந்தக் கருவி எங்கள் லயத்தையே சுகப்படுத்தியிருந்தது. கூத்துக்காரர்கள் எல்லோரும் அதில் விரல் வைத்துப் பார்த்திருந்தார்கள். எல்லோருக்கும் தொண்ணூற்றெட்டு. எழுந்து நிற்கவே இரண்டு பேர் தேவைப்படுகிற என் அம்மாவின் பெரியம்மாவுக்கும் தொண்ணூற்றெட்டு.

இப்போது ஆடு.

நான் வேலை செய்யும் ஆய்வுகூடம் எங்கள் தோட்டத்திலிருந்து நான்கு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறது. இந்த மாதிரிக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பது எங்கள் பிரிவின் வேலை. பன்றிகளை வைத்துச் செய்கிறோம். மிருக வைத்தியர் பன்றிக்கு மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைப்பார். அது சுவாசிக்கும் காற்றில் ஒட்சிசனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம். ஒவ்வொரு படியிலும் நாடியிலிருந்து இரத்தம் எடுத்து ஒரு பெரிய இயந்திரத்தில் அளப்போம். அது சொல்வதே உண்மை. பன்றியின் காதிலும் நாக்கிலும் மாட்டிய சின்னக் கருவிகள் அந்த உண்மைக்கு எவ்வளவு பக்கத்தில் வருகின்றன என்று எழுதுவது என் பொறுப்பு. கருவி மாட்டுவதற்கு முன் காதைச் சவரம் செய்வதும் என் பொறுப்பு. அம்மா அக்கம்பக்கத்தில், "மக மெஷின் சம்பந்தமா படிச்சிருக்கு" என்று மட்டும் சொல்லுவார். பன்றியைப் பற்றி வாய் திறக்க மாட்டார்.

தோட்டத்தில் பன்றி இல்லை. ஆடு இருந்தது. கீழ் லயத்து அத்தையின் ஆடு. அத்தை என்றால் இரத்த சொந்தம் இல்லை, சித்தப்பாவை அண்ணன் என்று கூப்பிடுவதால் எனக்கு அத்தை. அவருடைய ஆட்டை நான் கேட்டதற்குத் தொழில்முறைக் காரணம் ஒன்று உண்டு. அதற்கு ஒரு காது வெள்ளை, ஒரு காது கறுப்பு. கறுத்த தோலில் சில கருவிகள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். எங்கள் குடும்பத்தில் வெளுப்பு யாருமில்லை. ஒரே உடம்பில் இரண்டு நிறமும் கிடைப்பது ஆய்வுகூடத்தில்கூட அபூர்வம்.

"என்னத்துக்கு ஆடு?" என்றார் அத்தை.

"ஒக்சிஜன் பாக்க, அத்தை."

"அதுக்கு என்ன கொறச்சல்? மூச்சு விடுது, திங்குது, போட்டுக்கிட்டே இருக்குது."

"ஆட்டுக்கு இல்ல, மெஷினுக்குத்தான் பாக்கணும்."

"அப்ப மெஷின வச்சிக்கிட்டு ஆட்ட விடு புள்ள."

விளக்கினேன். கேட்டுவிட்டு நிபந்தனைகள் போட்டார். ஊசி குத்தக்கூடாது. மயிரைச் சிரைக்கக்கூடாது. மூச்சை அடக்கக்கூடாது. ஆட்டுக்கு என்ன நம்பர் வந்தாலும் முதலில் தன்னிடம் சொல்ல வேண்டும். எங்கள் ஆய்வுகூடத்தில் இதே நிபந்தனைகளை எழுத ஒரு குழு இருக்கிறது. அவர்கள் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். அத்தை கொண்டை முடிகிற நேரத்தில் முடித்துவிட்டார்.

மூச்சைக் குறைக்க முடியாது என்பதால் உண்மையான சோதனை செய்ய வழியில்லை. நல்ல ஆடு எந்தக் கருவியிலும் நல்ல நம்பர்தான் காட்டும். ஆகவே வேறு மூன்று சோதனைகளை நோட்டில் எழுதினேன். இரண்டு கருவிகளுமே ஒட்சிசனோடு நாடித்துடிப்பையும் காட்டும். துடிப்பை ஸ்டெதஸ்கோப் வைத்து நாமே எண்ணிவிடலாம். அதுகூடச் சரியாகத் தெரியாத கருவி, ஒட்சிசனை மட்டும் சரியாகச் சொல்லப் போவதில்லை.

டிஸ்பென்சரிக்குப் பின்னால், காய்கறிப் பாத்திகளுக்குப் பக்கத்தில் வெயில் விழுகிற இடத்தில் ஆட்டை நிறுத்தினோம். அத்தை கல்யாண முருங்கைக் கொத்து ஒன்றை அதன் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டார். ஸ்டெதஸ்கோப்பைத் தர டொக்டர் ஐயா மறுத்தார். தானே எண்ணுவதாகச் சொல்லிக் குந்தி உட்கார்ந்தார்.

"இத்தன வருஷ சர்வீஸ்ல ஆட்டுக்கு வச்சதில்ல பாப்பா. யாருகிட்டயும் சொல்லிறாத."

"சொல்ல மாட்டேன் ஐயா."

"முப்பத்தொம்பது, நாப்பது, நாப்பத்தொன்னு..."

"மே" என்றது ஆடு.

"ஐயோ. விட்டுட்டேன்."

மூன்றாவது முயற்சியில் ஒரு முழு நிமிஷம் கிடைத்தது. எண்பத்து நான்கு. டிஸ்பென்சரிக் கருவியை வெள்ளைக் காதின் ஓரத்தில் மாட்டினேன். ஆடு காதை உதறியது. கருவி முட்டைக்கோஸ் பாத்திக்குள் போய் விழுந்தது. எடுத்துத் துடைத்து, பெட்டரி மூடியின் பிளாஸ்டரை மறுபடி ஒட்டி மாட்டினேன். ஒட்சிசன் தொண்ணூற்றைந்து, துடிப்பு எண்பத்தாறு. கறுப்புக் காதில் தொண்ணூற்றேழு, துடிப்பு எண்பத்தைந்து. சித்தப்பாவின் கருவி இரண்டு காதிலும் தொண்ணூற்றெட்டு, துடிப்பு எழுபத்து நான்கு.

"தொண்ணூத்தெட்டா? எந்தங்கம்" என்று அத்தை ஆட்டின் நெற்றியைத் தடவினார். "புள்ள, அண்ணன் மெஷின்தான் ஆட்ட மதிக்குது. இன்னொன்னு ஆட்டக் கொற சொல்லுது."

"என் மெஷின் யாரையும் கொற சொல்லாது தங்கச்சி. அதான் அதோட குணம்" என்றார் சித்தப்பா.

இரண்டாவது சோதனை, ஓட்டம். ஓடினால் துடிப்பு ஏறும். கருவியும் கூடவே ஏற வேண்டும். ஆட்டைக் கோவில் படி வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்புவது திட்டம். நான் கயிற்றைப் பிடித்து ஓடினேன். முதல் பத்து அடி நான் ஆட்டை ஓட்டினேன். அதற்குப் பிறகு யார் யாரை ஓட்டினோம் என்பதை நோட்டில் எழுதவில்லை. திரும்பி வந்தபோது எனக்கு ஒரு செருப்புதான் இருந்தது. டொக்டர் ஐயா எண்ணினார். நூற்று நாற்பத்தெட்டு. அவருடைய கருவி நூற்று நாற்பத்தைந்து. சித்தப்பாவின் கருவி எழுபத்து நான்கு.

"ஆடு ஓடினதுல மெஷின் பயந்து போச்சு" என்றார் சித்தப்பா.

மூன்றாவது சோதனை. காதின் அடிப்பகுதியை என் விரல்களால் சில நொடிகள் மட்டும் அழுத்திப் பிடித்தேன். இரத்தம் ஓடாது. ஓட்டம் இல்லாவிட்டால் உண்மையான கருவிக்குக் காட்ட எதுவும் இருக்காது. டிஸ்பென்சரிக் கருவி இரண்டு கோடு போட்டுவிட்டுப் பேசாமல் நின்றது. சித்தப்பாவின் கருவி: தொண்ணூற்றெட்டு, எழுபத்து நான்கு.

"சித்தப்பா, எல்லாப் புள்ளைங்களுக்கும் தொண்ணூத்தெட்டு போடுற வாத்தியார் பேப்பரத் திருத்தியிருப்பாருன்னு நெனைக்கிறீங்களா?"

"ஆடு ஆடுதான். மிருகத்துக்கு ஒரு கணக்கு, மனுசனுக்கு ஒரு கணக்கு. எங்க, உசிரே இல்லாத ஒன்னுல வச்சுக் காட்டு. அப்ப நம்பர் காட்டுச்சுன்னா ஒத்துக்கிறேன்."

சொல்லிவிட்டு அவரே பாத்தியில் குனிந்து ஒரு கெரட்டைப் பிடுங்கினார். மண்ணைச் சாரத்தில் துடைத்தார். கருவியைக் கெரட்டின் நுனியில் மாட்டினார்.

தொண்ணூற்றெட்டு. எழுபத்து நான்கு.

சித்தப்பா கெரட்டைத் திருப்பிப் பார்த்தார். கழற்றி ஒரு லீக்ஸ் தண்டில் மாட்டினார். அதற்கும் தொண்ணூற்றெட்டு.

"அண்ணே, கெரட்டுக்கு நாடி ஓடுது. ஒங்கள விட நல்லா இருக்கு" என்றார் அத்தை.

சித்தப்பாதான் முதலில் சிரித்தார். டொக்டர் ஐயா ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றாமலே சிரித்தார். சித்தப்பாவின் சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. டிஸ்பென்சரி மதிலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது. நான் டிஸ்பென்சரிக் கருவியை அவர் விரலில் மாட்டினேன். எண்பத்தாறு.

மூச்சு திரும்பியதும் அவர் கேட்டது ஒன்றுதான். "அப்ப இதுதான் நெசமா புள்ள?"

"இதுதான் நெசம் சித்தப்பா. இதுவும் கறுப்புக் காதுல ரெண்டு கூடுதலாத்தான் காட்டுச்சு. நெசம் இதவிடக் கொறஞ்சும் இருக்கலாம்."

ஒரே ஒரு ஆட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று நோட்டில் எழுதியிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

அவர் கைக் காப்பைப் பார்த்தார். "பாலம்" என்றார்.

கூத்து மாஸ்டர் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தார். ஃபெக்டரியில் மின்சார வேலை பார்ப்பவர், காமன் விஷயத்தில் அவர் சொல்தான் முடிவு. ஆடு ஓடியதைப் பார்த்துவிட்டு விசாரிக்க வந்தவர். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"காப்புக் கட்டுனா கட்டுனதுதான் தங்கச்சி. பாலம் தாண்டுனா தோட்டத்துக்கே ஆகாது. காப்ப அவுத்துட்டுப் போகவும் முடியாது."

"அவருக்கு ஏதாவது ஆனா தோட்டத்துக்கு ஆகுமா மாஸ்டர்?"

"நான் என்ன வேணும்னா சொல்றேன்? சாமி போட்ட எல்ல."

அப்போது அத்தை முருங்கைக் கொத்தைக் கீழே போட்டார். "ஏன் மாஸ்டர், எல்ல எல்லங்கிறீங்களே, அந்த ஆஸ்பத்திரி கட்டுன நெலம் யாரோடது?"

"அரசாங்கத்தோடது."

"அதுக்கு முன்னால?"

அத்தையே பதிலும் சொன்னார்.

"பதினொன்னாம் நம்பர் மல. நம்ம தோட்டத்து மல. எங்கம்மா அங்க கொழுந்து எடுத்திருக்காங்க. தொர எழுதிக் குடுத்தது அரசாங்கத்துக்கு. சாமிக்கு யாராச்சும் சொன்னீங்களா?"

"சாமிக்கு எதுக்குச் சொல்லணும்?"

"சொல்லலல்ல? அப்ப சாமி கணக்குல அது இன்னமும் நம்ம மலதான்."

மாஸ்டர் பாலத்தின் பக்கம் பார்த்தார். மின்சாரக்காரர் என்பதால் வயர் எங்கே அறுந்திருக்கிறது என்று தேடுவது அவருக்குப் பழக்கம். கண்டுபிடித்துவிட்டார். "ஆஸ்பத்திரி சரி. நடுவுல கடவீதி இருக்கே. அது எப்பவும் நம்ம மல இல்ல."

கடைவீதி ஆட்டோவில் ஐந்து நிமிஷ தூரம். அந்த ஐந்து நிமிஷத்துக்கு நான்கு பேர் அரை மணி நேரம் பேசினோம். தீர்வு மாஸ்டருடையது. அதை அவருக்கே விட்டுக்கொடுக்கிறேன். கம்பம் ஊன்றிய இடத்துக்குப் பக்கத்திலிருந்து இரண்டு கைப்பிடி மண் எடுத்து ஷொப்பிங் பேக்கில் போட்டுக் கொண்டுவந்தார். ஆட்டோவுக்குள் சித்தப்பாவின் கால் அந்த மண்மேல் இருக்க வேண்டும். கால் எடுக்காதவரை அவர் தோட்டத்தில்தான் நிற்கிறார்.

அப்படியே போனோம். சித்தப்பா இரண்டு பாதங்களையும் ஷொப்பிங் பேக்குக்குள் விட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் கருவியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாலத்தில் ஆட்டோ குலுங்கியபோது, "கால எடுக்காதீங்க" என்று மாஸ்டர் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தபடியே கத்தினார். கடைவீதியில் தெரிந்தவர் ஒருவர் ஆட்டோவை மறித்து, எங்கே போகிறீர்கள் என்று சித்தப்பாவிடம் கேட்டார். "எங்கயும் போகல. தோட்டத்துலதான் இருக்கேன்" என்றார் சித்தப்பா.

ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி கொண்டுவந்தார்கள். அவர் பையோடுதான் அதில் ஏறினார். தாதி பையைக் காட்டி, "ஏ மொகக்த?" என்று சிங்களத்தில் கேட்டார். அது என்ன என்று அர்த்தம். சித்தப்பா கொஞ்சமும் யோசிக்காமல், "வத்த" என்றார். தோட்டம். தாதி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வேறு என்ன சொல்வது?

கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த பெரிய மொனிட்டரை அவருடைய விரலில் மாட்டினார்கள். நான் டிஸ்பென்சரிக் கருவியை அடுத்த விரலில் மாட்டினேன். மொனிட்டர் எண்பத்தைந்து, எங்களுடையது எண்பத்தாறு. ஒன்றுதான் வித்தியாசம். பிளாஸ்டர் ஒட்டிய கருவிக்கு இது மிக நல்ல பெறுபேறு. நான் சந்தோஷப்பட்டேன், உடனே அப்படிச் சந்தோஷப்பட்டதற்கு வெட்கப்பட்டேன். சித்தப்பாவின் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நெஞ்சைப் படம் எடுத்தார்கள். பழைய மூச்சிழுப்பு, அதன்மேல் நெஞ்சில் சளிக் காய்ச்சல் என்றார் ஆஸ்பத்திரி டொக்டர். இரண்டு நாள் தாமதித்திருந்தால் ஆட்டோ போதாமல் போயிருக்கும் என்றும் சொன்னார். ஐந்து நாள் வைத்திருந்தார்கள். கட்டிலுக்கு அடியில் மண் பை இருந்தது. துப்புரவு செய்கிறவர் இரண்டு முறை எடுத்துப் போட்டார், சித்தப்பா இரண்டு முறை மீட்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் தமிழிலேயே சொன்னார். "குதிக்கக்கூடாது. ஆடக்கூடாது. உக்காரலாம்."

எரிப்புக்கு ஐந்து நாள் இருந்தது. காப்பு கையில் இருந்தது. வேஷம் கட்டாமல் விட்டாலும் குற்றம். மாஸ்டர் டொக்டருடைய மூன்று வாக்கியங்களையும் என்னைத் திருப்பித் திருப்பிச் சொல்லச் சொன்னார். மூன்றாவதில் நிறுத்தினார்.

"உக்காரலாமா? அப்ப சிவன்."

சிவன் கூத்து முழுக்கக் கண்ணை மூடித் தவத்தில் உட்கார்ந்திருப்பார். கடைசியில் ஒருமுறை கண் திறந்தால் போதும். அந்த வேஷத்தைப் பல வருஷமாக வைத்திருந்தவர் ஒரு கங்காணி. அகலமானவர், உட்காருவதில் கெட்டிக்காரர், ஒரு வருஷம் தவத்தில் குறட்டையும் விட்டவர். அவரை வீரபத்திரன் ஆக்கினார்கள். முதல் ஒத்திகையில் நான்கு குதி குதித்துவிட்டு, அவர் என்னிடம் விரலை நீட்டினார். தொண்ணூற்றாறு, துடிப்பு நூற்று அறுபது. ஒன்றும் பயமில்லை என்று சொல்லியும் அவர் நம்பவில்லை. சித்தப்பாவின் கருவி எங்கே, அதில் பார்க்கலாம் என்று கேட்டார்.

சித்தப்பா சிவனாக உட்கார்ந்தார். அருமையாக உட்கார்ந்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். அவருக்கு மட்டும் அது பாராட்டாகத் தெரியவில்லை. "சும்மா இருக்கிறதுக்கு எதுக்கு கைதட்டுறாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

இன்றைய நிலை இது. சித்தப்பா மாதம் ஒருமுறை கிளினிக் போகிறார். இழுப்புக்கான மருந்தைக் காலையிலும் மாலையிலும் உறிஞ்சுகிறார், மாலையில் மறந்தால் அத்தை ஞாபகப்படுத்துகிறார். கடைசியாக டிஸ்பென்சரியில் பார்த்தபோது தொண்ணூற்று மூன்று. குதிக்கலாமா என்று அவர் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் கேட்கிறார், இன்னும் இல்லை என்று அவர்கள் ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள். வரும் மாசிக்கு வீரபத்திரன் யார் என்று மாஸ்டர் இன்னும் முடிவு செய்யவில்லை.